மார்பில் பதக்கம், ஏட்டில் பெயர்

1782 ஆகஸ்ட் 7 அன்று நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் பாசறையில் இருந்து ஜார்ஜ் வாஷிங்டன் ஓர் ஆணை பிறப்பித்தார். அமெரிக்க விடுதலைப் போர் ஏறக்குறைய ஓய்ந்திருந்த நேரம். சிப்பாய்களுக்குக் கொடுக்கக் கருவூலத்தில் பணம் இல்லை. துணிச்சல் காட்டியவர்களுக்குப் பதவி உயர்வு தரலாம் என்றால் அதற்கும் காங்கிரஸ் தடை போட்டிருந்தது. கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லாத தளபதி, ஊதாத் துணியில் இதய வடிவில் வெட்டி ஓரம் தைத்த ஒரு சின்னத்தை இடது மார்பில் அணியும் உரிமையைச் சாதாரணப் படைவீரனுக்குக் கொடுத்தார். மரியாதைச் சின்னங்கள் பெரும்பாலும் அதிகாரிகளுக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே போய்ச் சேர்ந்த காலத்தில் இது சிறிய காரியமில்லை. அந்த ஆணையிலேயே இரண்டு காவல்களும் இருந்தன. உரிமையில்லாமல் சின்னத்தை அணிபவன் கடுமையாகத் தண்டிக்கப்படுவான் என்பது ஒன்று. பெறுகிறவர்களின் பெயர்கள் தகுதி ஏடு என்ற புத்தகத்தில் பதியப்படும் என்பது இன்னொன்று. தண்டனை பற்றிய வாசகத்தை அமெரிக்க நீதிபதிகள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் எடுத்துக்காட்டினார்கள். ஏடு தொலைந்துபோனது, அது கண்டெடுக்கப்படவே இல்லை. சர்ச்சில், பிரவுன், பிஸ்ஸல் என்ற மூன்று சார்ஜென்ட்களின் பெயர்கள்தான் உறுதியாகத் தெரிகின்றன.

போலிப் படைவீரர்களுக்கு எதிரான சட்டங்களின் வரலாற்றைப் பொதுவாகப் பொய்யர்களின் வரலாறாகவே எழுதுகிறார்கள். போருக்கே போகாத ஒருவன் பதக்கம் குத்திக்கொண்டு மேடை ஏறுகிறான். உண்மையில் காயம்பட்டவர்கள் கொதிக்கிறார்கள். நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. இந்தக் கதையில் அரசு எப்போதும் ஏமாற்றப்பட்ட அப்பாவியாக நிற்கிறது. சான்றுகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பொய்க்கு இடம் கொடுத்தது, யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை அரசு சரியாக எழுதி வைக்காததும், எழுதியதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்காததும்தான். தண்டனைச் சட்டம் அந்த ஏட்டின் இடத்தை நிரப்பப் பார்த்தது. நிரப்ப அதனால் முடியவில்லை. ஒருவர் சொல்வது பொய் என்று நிரூபிக்கவும் அதே ஏடுதான் தேவைப்படுகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனரின் முதல் அரை நூற்றாண்டு. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861 டிசம்பரில் கடற்படைக்கும் 1862 ஜூலையில் தரைப்படைக்கும் அது ஏற்படுத்தப்பட்டது. 1863 ஜூன் இறுதியில் தென்மாநிலத் தளபதி லீ வடக்கே பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது வாஷிங்டன் நகரம் கலங்கியது. அங்கே காவலில் இருந்த மெய்ன் மாநிலத்தின் 27ஆம் படைப்பிரிவுக்கு ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தது, வீட்டுக்குப் போகலாம். நெருக்கடி தீரும் வரை தங்கும்படி போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் கேட்டுக்கொள்ள, சுமார் 300 பேர் சம்மதித்தார்கள். சில நாட்கள் தங்கினார்கள். பென்சில்வேனியாவில் நடந்த கெட்டிஸ்பர்க் போர் முடிந்ததும் அவர்களும் ஊர் திரும்பினார்கள். தங்கியவர்களுக்கு விருது என்பது வாக்குறுதி. ஆனால் தங்கியவர் யார், போனவர் யார் என்பதற்கு நம்பகமான பட்டியல் அரசிடம் இல்லை. விளைவு, படைப்பிரிவின் மொத்தப் பட்டியலையும் எடுத்து 864 பேருக்கும் பெயர் பொறித்த பதக்கங்கள் செய்து அனுப்பிவிட்டார்கள். படைப்பிரிவின் தளபதி வென்ட்வொர்த் மனச்சாட்சி உள்ளவர். தங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தன் வீட்டுக் கொட்டகையில் பூட்டி வைத்தார். அவை பிறகு ஒவ்வொன்றாக வெளியேறின. இந்த நிகழ்ச்சியில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்குப் போனவர்கள் விருது கேட்கவில்லை. தகுதியில்லாத பதக்கங்களை நூற்றுக்கணக்கில் நாட்டுக்குள் விட்டது போர்த்துறையின் எழுத்துமேசை.

அடுத்த சிக்கல் வடிவத்தில் வந்தது. உள்நாட்டுப் போரில் வடக்குக்காகப் போரிட்டவர்களின் பெரிய சங்கமான கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக், தன் உறுப்பினர்களுக்கு ஒரு வில்லை கொடுத்தது. ஐந்து முனை நட்சத்திரமும் நாடாவுமாக அது மெடல் ஆஃப் ஆனரைப் போலவே இருந்தது. ஊர்வலத்தில் நடந்துபோகும் முதியவர் சங்க உறுப்பினரா, விருது பெற்ற வீரரா என்று பார்ப்பவர்களால் பிரித்தறிய முடியவில்லை. தரைப்படை 1896இல் நாடாவை மாற்றியது, போதவில்லை. 1904இல் ஜெனரல் ஜார்ஜ் கில்லெஸ்பி புதிய வடிவத்தை உருவாக்கி, அதற்கு வடிவமைப்புக் காப்புரிமையே வாங்கினார். அந்த உரிமையை அப்போதைய போர்த்துறைச் செயலர் டாஃப்டின் பெயருக்கும் அவருக்குப் பின் வருவோரின் பெயருக்கும் மாற்றிக் கொடுத்தார். ஒரு நாடு தன் மிக உயர்ந்த வீர விருதைக் காக்க வணிகர்களின் சட்டத்தை நாடியது வியப்பாகத் தோன்றலாம். எனக்கு இது நிதானமான முடிவாகவே படுகிறது. யாரையும் சிறைக்கு அனுப்பாமல், போலி உருவாகும் பட்டறையிலேயே தடுக்கும் வழி அது. ஆனால் காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. 14 ஆண்டுகள் கழித்து, 1918இல் அது காலாவதியானது.

அதற்குள் பணம் நுழைந்தது. 1916 ஏப்ரலில் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், 65 வயது நிறைந்த விருதாளர்களுக்கு மாதம் 10 டாலர் சிறப்பு ஓய்வூதியம் அளித்தது. அதற்காக மெடல் ஆஃப் ஆனர் பட்டியல் என்ற முறையான ஏட்டையும் ஏற்படுத்தியது. கொடுக்க வேண்டிய காசு வந்ததும்தான் கொடுத்த விருதுகளை எண்ணிப்பார்க்கும் எண்ணமும் வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஓய்வுபெற்ற ஐந்து ஜெனரல்கள் கொண்ட குழு, நெல்சன் மைல்ஸ் தலைமையில் அமைந்தது. தரைப்படை அதுவரை கொடுத்த 2,625 விருதுகளை அது ஆராய்ந்தது. 1917 பிப்ரவரியில் 911 பெயர்களை நீக்கியது. மெய்ன் 27ஆம் பிரிவின் 864 பேர் மொத்தமாகப் போனார்கள். ஆபிரகாம் லிங்கனின் உடலுக்குக் காவலாகச் சென்றதற்காக விருது பெற்ற 29 பேர் போனார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்த பஃபலோ பில் கோடியும், வேறு சில சாரணர்களும், படையில் முறையாகச் சேராத குடிமக்கள் என்ற காரணத்தால் நீக்கப்பட்டார்கள்.

நீக்கப்பட்டவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வாக்கர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தவர். எதிரிகளிடம் சிறைப்பட்டு மாதக்கணக்கில் கிடந்தவர். இந்த விருதைப் பெற்ற ஒரே பெண். பெண் என்பதால் அவருக்கு அதிகாரிப் பதவி தரப்படவில்லை. அந்தப் பதவி இல்லை என்பதையே காரணமாக வைத்துப் பின்னாளில் விருதையும் எடுத்தார்கள். அவர் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1919இல் இறக்கும் வரை தினமும் அணிந்தார். 1923 பிப்ரவரி 24 அன்று, உரிமையின்றிப் படைத்துறைப் பதக்கங்களை அணிவதையும் செய்வதையும் விற்பதையும் குற்றமாக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. இன்னும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் மேரி வாக்கர் அந்தச் சட்டத்தின்படி குற்றவாளி. 1977இல் தரைப்படை அவருடைய பெயரை மீண்டும் பட்டியலில் சேர்த்தது. 1989இல் கோடியும் சாரணர்களும் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். போர்க்களத்தில் அவர்கள் செய்தவை எதுவும் இந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் மாறவில்லை. மாறியது ஏடு. தகுதியில்லாத பதக்கம் என்று சட்டம் சொல்லும்போது அது வீரத்தை அளந்து சொல்வதில்லை. அன்றைய தேதியில் அரசின் பட்டியலில் இருக்கும் பெயர்களை மட்டும் பார்த்துச் சொல்கிறது. பட்டியல் தவறினால் சட்டமும் தவறும், அதுவும் சிறைத் தண்டனையோடு.

பிரிட்டன் இதில் முன்னேயே ஒரு நல்ல பழக்கத்தைக் கண்டிருந்தது. 1815இன் வாட்டர்லூ போருக்காக எல்லாப் படிநிலையினருக்கும் கொடுத்த பதக்கத்தின் விளிம்பில், பெறுபவரின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. அதன் பிறகு முதல் உலகப் போர் வரை பெரும்பாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் பெயரோடுதான் வந்தன. 1856இல் விக்டோரியா கிராஸ் ஏற்படுத்தப்பட்டபோது, பெயர்களைப் போர்த்துறையில் பதிவு செய்ய வேண்டும், லண்டன் கெஜட்டில் வெளியிட வேண்டும் என்று அரச ஆணையே விதித்தது. ஆக, பதக்கத்தின் விளிம்பே ஒரு சிறிய ஏடு. பெரிய ஏடு எல்லோரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய அரசிதழ். விக்டோரியா கிராஸ் பெற்றதாக யாராவது சொன்னால் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்க்க முடியும். சிக்கல் எழுந்தது முதல் உலகப் போரில். லட்சக்கணக்கில் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அடகுக் கடைகளிலும் சந்தைகளிலும் அவை விலைக்குக் கிடைத்தன. உரிமையில்லாமல் சீருடையும் பதக்கமும் அணிவதைப் போர்க்கால விதிகள் தண்டனைக்கு உரியதாக்கின. அந்த விதிகள் பின்பு படைச் சட்டத்துக்குள் நிரந்தரமாக வந்து சேர்ந்தன. 1955ஆம் ஆண்டின் படைச் சட்டம், அணிவதோடு பெற்றதாகப் பொய் சொல்வதையும் மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. முதல் உலகப் போருக்குப் பின், கணவனையோ மகனையோ இழந்த பெண்கள் அவர்களுடைய பதக்கங்களை வலது மார்பில் அணியும் வழக்கம் வேரூன்றியது. பெறாத பதக்கத்தை அணிவது எல்லாச் சமயங்களிலும் பொய்யாகிவிடாது என்பதை மக்கள் தாங்களே ஒரு பக்க மாற்றத்தால் தீர்த்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பாதுகாப்புச் சட்டம் இன்றும் குடும்பத்தாருக்கு இந்த விலக்கை எழுத்திலேயே கொடுக்கிறது.

2006ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம் 2009இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, பிரிட்டன் பழைய பதக்கக் குற்றத்தைக் கைவிட்டது. பொய் சொல்லிப் பணமோ வேலையோ பெற்றால் மோசடிச் சட்டம் இருக்கிறது, அது போதும் என்பது அரசின் நிலை. 2016இல் நாடாளுமன்ற உறுப்பினர் காரத் ஜான்சன் அந்தக் குற்றத்தை மீட்க ஒரு மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு அதை ஆதரித்தது. இருந்தும் 2017 தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்தபோது மசோதாவும் போனது. வழங்கப்பட்ட விருதுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப்பார்க்கும் வசதி அதைவிட அதிகம் பயன் தந்திருக்கும் என்பது என் கருத்து.

இங்கே ஒரு மறுப்பு வரும். சீருடை, சின்னம் இவற்றுக்கு எதிரான சட்டமே கூடாது என்கிறீர்களா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. சீருடை அதிகாரத்தின் அடையாளம். அதை அணிந்தவன் சொன்னால் காவல் சாவடி திறக்கும், கடைக்காரர் கடன் கொடுப்பார், கிராமத்தார் வழிவிடுவார்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தபோதே, படைவீரன் அல்லாத ஒருவன், தன்னைப் படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையை அணிவதையோ சின்னத்தை ஏந்துவதையோ 140ஆம் பிரிவு தண்டித்தது. மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். 1857இன் அதிர்ச்சி அடங்காத நாட்டில் அந்தப் பிரிவுக்கான தேவை வெளிப்படை. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அபராதம் 2,000 ரூபாய். இந்தப் பிரிவில் நான் பாராட்டுவது அதன் அளவான நோக்கத்தை. நம்பவைக்கும் எண்ணம் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. நாடக நடிகரும், மாறுவேடப் போட்டிக்குப் போகும் பள்ளிக் குழந்தையும் அதற்குள் வருவதில்லை. படையின் மானம் என்ற சொல்லை அது தொடவே இல்லை.

மானத்தைத் தொட்ட சட்டங்கள் எங்கே போய் முட்டின என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. நாடகத்தில் படைச் சீருடை அணிய அனுமதித்த அந்நாட்டுச் சட்டம், படைக்கு அவப்பெயர் வராதபடி நடித்தால் மட்டுமே அனுமதி என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தது. 1967 டிசம்பரில் டேனியல் ஷாக்ட் என்ற இளைஞர், ஹூஸ்டன் நகரில் ஆள்சேர்ப்பு மையத்துக்கு எதிரே, வியட்நாம் போரைக் கண்டிக்கும் தெருநாடகத்தில் சீருடையோடு நடித்தார். ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1970இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. படையைப் புகழும் நடிகனுக்கு உரிமையும், பழிக்கும் நடிகனுக்குச் சிறையும் என்றால் அது பேச்சுரிமையே இல்லை என்பது தீர்ப்பின் சாரம். பொய்யனிடம் இருந்து படையைக் காப்பதாகத் தொடங்கிய விதி, விமர்சகனிடம் இருந்து படையைக் காக்கப் பயன்பட்டது. 1894இன் பிரிட்டிஷ் சீருடைச் சட்டத்திலும், சீருடைக்கு இழிவு வரும்படி அணிவது தனிக் குற்றமாகவே இருக்கிறது.

இந்த நூற்றாண்டில் விவாதம் உடையை விட்டுச் சொல்லுக்கு நகர்ந்தது. அமெரிக்காவின் திருடப்பட்ட வீரச் சட்டத்தில் ஜார்ஜ் புஷ் 2006 டிசம்பரில் கையெழுத்திட்டார். பெறாத படை விருதைப் பெற்றதாக வாயால் சொன்னாலே குற்றம் என்றது அது. ஆறு மாதம் வரை சிறை. மெடல் ஆஃப் ஆனர் என்றால் ஓராண்டு. 2007 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஒரு குடிநீர் மாவட்ட வாரியத்தின் புதிய உறுப்பினர் சேவியர் அல்வாரெஸ், கூட்டத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, தான் 25 ஆண்டுகள் மரீன் படையில் இருந்ததாகவும் 1987இல் மெடல் ஆஃப் ஆனர் பெற்றதாகவும் சொன்னார். எதுவும் உண்மையில்லை. அதனால் அவருக்குச் சம்பளமோ சலுகையோ கிடைத்ததாகவும் சான்றில்லை. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பொய் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சொல்லை அரசு தண்டிக்கத் தொடங்கினால் அதற்கு எல்லை எங்கே என்று நீதிபதி கென்னடி கேட்டார். விருதாளர் பெயர்களை அரசே இணையத்தில் வெளியிட்டால் இத்தகைய பொய்யை யாரும் உடனே பிடித்துவிடலாமே என்றும் எழுதினார். ஒரு மாதத்துக்குள், ஜூலை 25 அன்று, பாதுகாப்புத் துறை அப்படி ஒரு தளத்தைத் திறந்தது. ஏட்டைத் திறந்து வைக்க ஒரு தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது. 2013இல் வந்த புதிய சட்டம், பணமோ வேறு பருப்பொருள் பயனோ பெறும் எண்ணத்தோடு சொல்லும் பொய்யை மட்டும் தண்டிக்கிறது. அணிவது மட்டும் குற்றம் என்ற பழைய பகுதியும் அந்தத் திருத்தத்தில் கைவிடப்பட்டது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோவின் வாதம் வலுவானது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்தப் பொய்களுக்குச் சமூகத்தில் எந்தப் பயனும் இல்லை, பாதிப்போ உண்டு, உண்மையான விருதின் மதிப்பே குறைகிறது என்றார் அவர். போர்க்களத்தில் நண்பனைப் பறிகொடுத்தவருக்கு, போகாதவன் சொல்லும் அதே கதை எவ்வளவு வலிக்கும் என்பதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பொய்கள் எவ்வளவு பரவலாக இருந்தன என்பதற்கு அவர் தந்த சான்றையே பார்க்கலாம். காங்கிரஸ் நூலகம் முன்னாள் படைவீரர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தபோது, மெடல் ஆஃப் ஆனர் பெற்றதாகச் சொன்ன 49 பேரில் 24 பேர் அதைப் பெறவே இல்லை. இந்த எண்ணிக்கை பொய்யர்களைப் பற்றிச் சொல்வதைவிட நூலகத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. அந்த விருது பெற்றவர்கள் தொடக்கம் முதல் இன்றுவரை ஏறத்தாழ 3,500 பேர்தான். முழுப் பட்டியலும் அச்சில் இருக்கிறது. ஒரு பிற்பகலில் 49 பெயர்களையும் சரிபார்த்திருக்கலாம். நாட்டின் மிகப் பெரிய நூலகமே ஏட்டைத் திறந்து பார்க்காமல் கதையைப் பதிவு செய்துவிட்டால், அந்தப் பொய்க்குச் சிறை தேடுவது எந்த அளவுக்கு நியாயம்?

கேட்பவர்களின் விருப்பமும் இதில் சேர்ந்திருக்கிறது. 1959 டிசம்பரில் ஹூஸ்டனில் இறந்த வால்டர் வில்லியம்ஸ், உள்நாட்டுப் போரின் கடைசிப் படைவீரர் என்று நாடே கொண்டாடிய முதியவர். அவர் 1854 வாக்கில் பிறந்தவர், போர் நடந்தபோது சிறுவன் என்பதை மக்கள்தொகைக் கணக்கேட்டை வைத்து அதே ஆண்டு செப்டம்பரிலேயே பத்திரிகையில் எழுதினார்கள். கணக்கேடு பல பத்தாண்டுகளாக அங்கேயே இருந்தது. ஆனாலும் அவர் இறந்தபோது அரசு மரியாதைகள் குறையவில்லை. கடைசி வீரர் ஒருவர் வேண்டும் என்று மக்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை எந்தச் சட்டத்தாலும் தண்டிக்க முடியாது.

எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. ஏடே இல்லாவிட்டால்? 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்கத் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான படைவீரர் கோப்புகள் எரிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையில் இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அதில் போனது. நகல் இல்லை, நுண்படம் எடுக்கவில்லை, என்ன இருந்தது என்பதற்கான அட்டவணைகூட இல்லை. ஆகவே ஏட்டை நம்புவது வீண், தண்டனைதான் வழி என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கோப்பு எரிந்துபோனால், குற்றம் சாட்டுபவர் எதை வைத்துப் பொய் என்று நிரூபிப்பார்? இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் உண்மையில் போரிட்ட முதியவர் தன் கதையைச் சொல்லும்போது, ஆவணம் இல்லை என்பதே அவருக்கு எதிரான சான்றாகிவிடும். தண்டனைச் சட்டம் கூர்மையாக ஆக, ஆவணம் இழந்த உண்மையானவருக்குத்தான் ஆபத்து கூடுகிறது. செயின்ட் லூயிஸில் அதிகாரிகள் செய்த வேலை வேறு. கருகி நனைந்த தாள்களை உலர்த்தி சுமார் 65 லட்சம் கோப்புகளை மீட்டார்கள். மீதிக்குக் கடைசிச் சம்பளப் பட்டியல்கள், முன்னாள் படைவீரர் துறையின் கோப்புகள் எனச் சிதறிக் கிடந்த மற்ற பதிவுகளில் தேடி, ஒவ்வொருவரின் பணியையும் மறுபடி நிறுவிக் கொடுத்தார்கள். விருதைக் காத்தவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவர்களைச் சொல்வேன்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி பதக்கத்தைவிட ஓய்வூதியத்தில்தான் கூர்மையாக எழுந்தது. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி, 1980இல் விரிவாக்கப்பட்டது. பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று வேண்டும். சிறை ஆவணம் கிடைக்காவிட்டால் உடன் சிறையிருந்தவர்கள் தரும் சான்றிதழை ஏற்கலாம். அந்த நாளைய சிறைப் பதிவேடுகள் பல இடங்களில் அழிந்துவிட்ட நிலையில் இந்தத் தளர்வு நியாயமானது. அந்த வழியில் பொய்யும் நுழைந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் போலிச் சான்றுகளால் ஓய்வூதியம் பெறப்படுவதாகப் புகார் எழுந்து, ஓய்வுபெற்ற நீதிபதி பால்கர் ஒவ்வொரு விண்ணப்பமாக ஆராய்ந்தார். விவகாரம் 2005இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே கேள்வி யாருடைய மானத்தையும் பற்றியது அல்ல, பொதுப் பணத்தைப் பற்றியது. அதனாலேயே விசாரணை காகிதங்களைச் சுற்றி நின்றது.

இதே திட்டத்தில் இந்திய தேசிய ராணுவத்தினரும் அடங்குவார்கள். அவர்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இருந்து நேதாஜியின் அழைப்புக்குச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து வந்த போர்க்கைதிகளுக்காவது பழைய படைப்பிரிவில் ஒரு கோப்பு இருந்தது. தோட்டத்தில் இருந்து வந்தவருக்கு அதுவும் இல்லை. 1945இல் அந்தப் படையே இல்லாமல் போனபோது, டிஸ்சார்ஜ் சான்று எழுதிக் கொடுக்க ஓர் அலுவலகம்கூட மிஞ்சவில்லை. சாட்சி சொல்லக்கூடியவர்களும் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், இந்தியப் படை 2022இல் தன் புதிய போர்ச் சீருடையின் வடிவத்தை, கில்லெஸ்பி 1904இல் செய்தது போலவே, வடிவமைப்பு உரிமையாகப் பதிந்துகொண்டது. வீர விருதுகளுக்கென்று பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தில் ஒரு தளமும் வைத்திருக்கிறது. இவை நல்ல வேலைகள். மலேசியத் தோட்டங்களின் சம்பளப் பட்டியல்கள், முகாம்களில் எடுத்த பெயர் வரிசைகள், பிரிட்டிஷ் உளவுத்துறை நடத்திய விசாரணைக் குறிப்புகள் ஆகியவற்றில் இருந்து இந்தத் தமிழர்களின் பெயர்களைத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அதே தளத்தின் பக்கத்தில் வைக்க எந்தப் புதிய குற்றவியல் சட்டமும் தேவையில்லை.